கடைக்கண்ணாடி நோய்

பிரேமர்ஹாஃபெனில் காற்று நேராக வீசாது,
மூலை திரும்பி வந்து முகத்தில் அறையும்.
அப்படி ஒரு நவம்பரில்தான் அவரைக் கவனித்தேன்.

தொப்பிக் கடை முன்னால் நின்றார்.
பிறகு மூக்குக்கண்ணாடிக் கடை.
பிறகு, மூன்று வருடமாய்ப் பூட்டிக் கிடக்கும் பயண அலுவலகம்;
உள்ளே வெளுத்துப்போன ஒரு அட்டைப் பனைமரம்.
அதையும் ஒரு நிமிடம் பார்த்தார்.
பிறகு என் ரொட்டிக் கடை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்,
இந்தப் பக்கம் நானும் கசகசா பன்களும்.
தினமும் பத்தேகாலுக்கு.
கடைக்கண் பார்வை என்றுதான் நினைத்தேன்.
ஐம்பத்திரண்டு வயதில்
உதட்டுச் சாயம் வாங்கினேன், சொல்லவே கூச்சம்.

ஒரு மழைநாளில் உள்ளே வந்தார்.
பன் கேட்கவில்லை, நாற்காலி கேட்டார்.
பெயர் ஹின்னெர்க்.
மீன் ஆலையில் முப்பத்தொரு வருடம்.
ஆலை அணைந்துவிட்டது, சிகரெட் அணையவில்லை.

"நூற்றுப்பத்து அடி," என்று கெண்டைக்காலைத் தொட்டார்,
"அதற்குமேல் போனால் இங்கே ஒரு நாய் கவ்வும்.
நின்றால் விட்டுவிடும்.
சும்மா நின்றால் ஊர் விசாரிக்கும்.
அதனால் தொப்பி பார்க்கிறேன்."

எங்கள் பாஷையில் அதன் பெயரே கடைக்கண்ணாடி நோய்.
கையில் அழுத்தம் நூற்றைம்பது,
கணுக்காலில் தொண்ணூறு.
நடுவழியில் எங்கோ,
கெட்டிலின் அடியில் காரை படிவதுபோல்
சத்தமில்லாமல் படிந்திருக்கிறது தமனி.

உதட்டுச் சாயத்தை நினைத்துச் சிரிப்பு வந்தது.
அதை மறைக்க என் காலைக் காட்டினேன்.
நீலம், முடிச்சு முடிச்சாய்,
பிசைந்த மாவில் யாரோ கயிற்றைப் புதைத்ததுபோல.
அம்மாவிடமிருந்து பாதி,
இருபத்தாறு வருடம் நின்ற கல்தரையிடமிருந்து மீதி.

"உமக்கு ரத்தம் போய்ச் சேரவில்லை,
எனக்குப் போன ரத்தம் திரும்பி வரவில்லை."
அன்று கடையில் வேறு யாருமில்லை.

படுக்கையை விட்டு எழும் முன்பே,
ரப்பர் கையுறை மாட்டி,
நான் மல்லுக்கட்டி ஏற்றும் இறுக்கக் காலுறையை
அவருக்கும் ஒன்று தரவா என்றேன்.
"ஐயோ, டாக்டர் கொன்றுவிடுவார்.
அடைத்த குழாயை மேலும் நெரிப்பதா?"

அவருக்கு நடைதான் மருந்தாம்:
நாய் கவ்வும்வரை நட, நில், விட்டதும் நட.
சிகரெட்டைப் பற்றிப் பேச்சை எடுத்தேன்.
பனைமரம் இருந்த திசையில் பார்த்தார்.

எனக்கு மருந்து, கல்லாவுக்குப் பின்னால்
குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது,
ஒரு தடவைக்கு இருபது.
வாடிக்கையாளருக்கு நான் ஏதோ
படகில் நிற்பதுபோலத் தெரியுமாம்.

ஜனவரியில் தொப்பிக் கடையைத் தாண்டினார்.
மார்ச்சில் மூக்குக்கண்ணாடியை.
ஏப்ரலில், ஒரு செவ்வாய்க்கிழமை,
என் கண்ணாடியை நிற்காமல் கடந்தார்,
கையை மட்டும் உயர்த்தி.
சந்தோஷம்தான்.
கொஞ்சம் வலிக்கவும் செய்தது, மறைப்பானேன்.

அடுத்த கடை புகையிலைக் கடை.
அங்கே நின்றார்.
நாய் கவ்வியதா, பழைய சிநேகம் கூப்பிட்டதா,
இங்கிருந்து தெரியவில்லை.
எட்டிப் பார்க்க நுனிக்காலில் எழுந்தேன்.
இறங்கினேன். மறுபடி எழுந்தேன்.
பதினேழு.
பதினெட்டு.