ரேகை விழவில்லை

காலை பத்தே காலுக்குக்
கீபோர்டின் பச்சை விளக்கு போனது.
மவுஸின் வயிற்றுச் சிவப்பும் கூடவே.
ரேகை மெஷின் இரண்டு தரம் கண் சிமிட்டிவிட்டுச்
செத்தது.

திரையில் மட்டும் படிவம் திறந்திருக்கிறது.
மீன்பிடித் தடைக்கால நிவாரணம்.
பெயர் அஞ்சாப்புலி, ஊர் சோனாங்குப்பம்.
அதற்குக் கீழே அம்புக்குறி
அடிபட்டு ஒட்டிக்கொண்ட கொசு மாதிரி.

"என்னம்மா ஆச்சி?"
"போர்ட்டு போச்சிண்ணே."
"அது மண்ணு தூந்துபோயி எத்தினியோ வருசம் ஆவுதே"
என்றார், கடல் பக்கம் கையைக் காட்டி.
வரிசையில் நின்ற ஒன்பது பேரும் சிரித்தார்கள்.
நானும்தான். வேறென்ன செய்ய.

முன்னால் இரண்டு துளை, பின்னால் நாலு.
பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன்.
செருகியதும் வருமே ஒரு 'டுடுங்',
அதற்குக் காது கொடுத்தேன்.
தலைக்கு மேல் ஃபேன் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

நெல்லித்தோப்பு கில்பர்ட் போனில் சொன்னான்:
"டிரைவரை எடுத்துட்டு மறுபடி போடுக்கா."
எடுக்க மவுஸ் வேண்டும்.
மவுஸுக்குத் துளை வேண்டும்.
உனக்குக் காது கேட்கவில்லை என்பதை
அதன் காதில்தான் சொல்லியாக வேண்டும்.

பக்கத்துக் கடை நைனா முகமது
பரணிலிருந்து ஒரு கிழட்டுக் கீபோர்டைக் கொண்டுவந்தார்.
உருண்டை வாய், ஊதா நிறம்,
எண்டர் பொத்தானில் யாரோ வைத்த நகப்பாலீஷ் பொட்டு.
கம்ப்யூட்டரை அணைத்து, ஒயரைப் பிடுங்கி,
பவர் பொத்தானை அமுக்கியபடி முப்பது எண்ணினேன்.
வரிசையும் கூடவே எண்ணியது, ஏலம் விடுகிற குரலில்.

போட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து:
மின்சாரம் அளவுக்கு மேல் பாய்கிறது,
பதினைந்து நொடியில் அணைந்துவிடுவேன்.
சொன்னபடி அணைந்தது.
இத்தனை நாளில் என்னிடம்
நேரம் சொல்லிவிட்டுப் போனது இது ஒன்றுதான்.

எல்லா ஒயரையும் கழற்றிவிட்டுப் போட்டேன்.
அதே எழுத்து. அதே பதினைந்து.

செல்போன் டார்ச்சை முன்துளையில் அடித்தேன்.
உள்ளே நாக்கு பிளந்திருந்தது.
நாலு பித்தளைக் கம்பியில் இரண்டு
வளைந்து ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து
பச்சைக் களிம்பேறிக் கிடந்தன.
போன வாரம் ஒரு கல்லூரிப் பையன்
பென்டிரைவைத் தலைகீழாகத் திணித்தான்.
ஆனால் களிம்பு போன வாரத்தது இல்லை.
இம்பீரியல் ரோட்டில் கதவு திறந்த கடைக்கு
உப்புக்காற்று வாடகை கொடுப்பதில்லை.

"ஒரு ஓட்டையில ஷார்ட்டு" என்றான் கில்பர்ட்.
"மத்ததெல்லாம் வெந்துடக் கூடாதுன்னு
மொத்தத்தையும் நிறுத்தி வெச்சிருக்கு."

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன்.
இரண்டு திருகு. ஒரு பல்லிமுட்டை ஓடு.
முன்துளையிலிருந்து போர்டுக்குப் போகும்
மெல்லிய ஒயர்க்கட்டைப் பிடித்து
மூச்சை அடக்கி இழுத்தேன்.

டுடுங்.

பின்துளையில் மெஷினைச் செருகி நீட்டினேன்.
அஞ்சாப்புலி கட்டைவிரலை லுங்கியில் துடைத்து வைத்தார்.
முதல் தரத்திலேயே விழுந்தது.
அவர் திரையைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தார்.
"போன மாசமும் இதே வெரல்தாம்மா."

போன மாசம் நான் சொன்னது:
கயிறு இழுத்து இழுத்து ரேகை தேஞ்சுபோச்சி,
எலுமிச்சம்பழம் தேய்ச்சிட்டு வாங்க.
மெஷின் அப்போது முன்துளையில் இருந்தது,
என் கைக்கு எட்டட்டும் என்று.

வரிசை முடிந்ததும் நோட்டை எடுத்தேன்.
சிவப்பு மையில், என் கையெழுத்தில்,
ரேகை விழவில்லை, ரேகை விழவில்லை,
நாற்பத்தொரு பேர்.
கயிறு, ஐஸ், மீன் அரியும் கத்தி
என்று பக்கத்தில் காரணம் வேறு.

முதல் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே.
இரண்டாவது சிங்காரத்தோப்பு வள்ளிமயில்.
பின்னால் மீன் மார்க்கெட் இரைச்சல்.
நாளைக்கு வாங்கக்கா, விழும் என்றேன்.

"அப்படியா, நல்லாயிடுச்சாம்மா என் கை?"