பின் வலது சில்லு

பதினோராம் நாள்
அவள் என்னோடு கதைத்தாள்.
"அமத்து" என்றாள்.

ஒஷாவா. மார்ச் கடைசி.
வாடகை வீட்டு வாசலில் வீதி உப்பு காய்ந்து பூத்திருக்க
இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுக் கொரோல்லாவின் கீழே
கார்ட்போர்ட் மட்டையில் மல்லாந்து கிடக்கிறாள் கோசலாதேவி.
வெளியே தெரிவது
பனிச் சப்பாத்து இரண்டும்
என் பழைய ஜாக்கெட்டின் ஓரமும்.

கராஜில் கேட்டது எண்ணூற்று எழுபது டொலர்.
பிறேக் லைன் முழுக்கக் கறள், ஓடாதையுங்கோ என்றார்கள்.
அந்த எண்ணூற்று எழுபதும்
அதைப்போல் இன்னும் ஆறு மடங்கும்
நான் கட்டிய சீட்டோடு போயிருந்தது.
சீட்டுப் பிடித்தவர் இப்போது எந்த மாகாணத்தில்
என்று எவருக்கும் தெரியாது.

ஆகவே நூலகத்துப் புத்தகம்.
ஆகவே செப்பு நிக்கல் குழாய் இருபத்தைந்து அடி, நாற்பத்தெட்டு டொலர்.
எண்ணெய் இரண்டு போத்தல், பதினெட்டு.
உடைசல் யார்டில் ஒரு கலிப்பர், முப்பத்தைந்து.
விலை பேசியது அவள்.
நான் பஸ் தரிப்பில் நின்றேன்.

"மூண்டு தரம் அமத்து. பிடி.
நான் சொல்லுமட்டும் விடாதை.
விட்டா காத்து உள்ளுக்கை போகும்."

கீழே அவள் ஆணியைத் தளர்த்த
என் பாதத்தடியில் பெடல் இறங்குகிறது,
சீட்டுக்காரரின் கடைசி ஃபோன் பேச்சைப்போல்
மெத்தென்று, மரியாதையாக.
ஊறுகாய்ப் போத்தலில்
கறுத்த எண்ணெயும் குமிழும்.
"விடு."
திரும்ப அமத்து. திரும்பப் பிடி.

ஐந்தாம் தரமோ ஆறாம் தரமோ
சாவி நழுவி எங்கோ உருண்டது.
அவளுக்குத் தெரியுமென்று எனக்குத் தெரியாத
தூஷணம் ஒன்று கீழிருந்து வந்தது.
தரைவரை மிதித்தபடி நான்.
தொடை நடுங்குகிறது.
பக்கத்து வீட்டு நாய் வந்து, பார்த்து, போய்விட்டது.
"விடட்டோ?"
"விட்டுப் பார்."

விடவில்லை.

நாலு சில்லும் முடிய இருட்டிவிட்டது.
தேவாலயத்துத் தரிப்பிடத்தில், ஆளில்லாத நேரம்,
ஊத்தைப் பனிக்குவியலை நோக்கி ஓட்டி
அழுத்தினாள்.
ஒரு முழம் இருக்க நின்றது.
இருவரும் கொஞ்ச நேரம் இறங்கவில்லை.

இரவு ஹைட்றோ பில் உறையின் பின்புறம்
கணக்கு எழுதினாள். மொத்தம் நூற்றொன்று.
அதன் கீழே: பெடல் மிதித்த கூலி, பத்து.
ஆறாயிரத்திலிருந்து அதைக் கழித்து
ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு என்று
வட்டம் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்.

நின்று வாசித்தேன்.
"சைலென்சரும் கொஞ்சம் இரையுது" என்றேன்.