கொங்கன் செத்த ராத்திரி

வேலந்தாவளம் சோதனைச்சாவடியில் பேருந்தை நிறுத்தி
போலீஸ்காரர் ஒருவர் என் பைக்குள் கையை விட்டார்.
ஒரு துண்டு, அரைக்கிலோ முறுக்கு,
சுற்றுலா அலுவலகம் அச்சடித்த நான்கு மடிப்புக் காகிதம்.
காண வேண்டியவை என்று தமிழிலும் போட்டிருந்தார்கள்,
ஒற்றுப் பிழைகளோடு.

இயற்கை என்ற தலைப்பைக் காலையிலேயே பார்த்து முடித்தேன்.
வரப்புக்கு வரப்பு பனை.
எங்கள் கிணத்துக்கடவுப் பனைதான்,
இங்கே அதன் காலடியில் தண்ணீர் நிற்கிறது.
மாசிக் காற்று கணவாய் வழியாக
எங்கள் ஊர்ப் புழுதியை அள்ளிக்கொண்டு எனக்கு முன்பே வந்திருந்தது.
சாயா கொடுத்தவன் கேட்டான்,
"ஆழியாத்துத் தண்ணிய ஏன் சார் இந்த வருசம் பிடிச்சு வெச்சீங்க?"
நான் மோட்டார் பம்பு உதிரிபாகம் விற்கிறவன்.
தண்ணீரைப் பிடித்தது நானில்லை என்றேன்.
அவன் நம்பவில்லை.

பாரம்பரியம் என்பது பூட்டிய கட்டடம்.
சாவிக்காரர் ஒலவக்கோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.
சன்னலில் முகம் வைத்துப் பார்த்தேன்:
ஒரு வாள், மூன்று வாக்குப்பெட்டி, உறங்கும் பூனை.

மூன்றாவது மடிப்பில் மரபு.
இரவு ஒன்பதுக்கு மேல், கொங்கன் படை.
எந்தக் காலத்திலோ கிழக்கிலிருந்து படையெடுத்து வந்த
எங்கள் ஆட்களை
இவர்களுடைய பகவதி வெட்டிச் சாய்த்த கதை.
வருசாவருசம் வெட்டிச் சாய்க்கிறாள்.

சித்தூருக்குப் பக்கத்து ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன்,
சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டார்கள்.

வயலில் பெட்ரோமாக்ஸ் வரிசை. கடலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.
எங்கள் ராஜா அனுப்பிய ஓலையை
மேலாடையில்லாத ஒருவர் உரக்கப் படித்தார்.
பசுவை அவிழ், பத்தாயத்தைத் திற,
மறுத்தால் பனைமரம்கூட மிஞ்சாது.
கூட்டம் ஊளையிட்டது.
இவ்வளவு கேட்டிருக்க வேண்டாம் நம்மாள்
என்று எனக்கே பட்டது.

"எவிடுன்னா?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.
சொன்னேன்.
எழுந்து நின்று இருட்டைப் பார்த்துக் கத்தினான்:
"கண்டமுத்தேட்டா! ஒரு கொங்கன் கிட்டி!"

விசயம் இதுதான். பிணங்கள் ஏழு வேண்டும்.
ஆறுச்சாமிக்குக் காய்ச்சல்.
பிணத்துக்குப் பேச்சில்லை, ஒத்திகை இல்லை,
முடிந்ததும் கஞ்சியும் புழுக்கும் உண்டு.
கண்டமுத்தன் என் சட்டையை வாங்கி மடித்து
அவர் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.
நெஞ்சில் குங்குமக் குழம்பு, சில்லென்று.
எங்கே வெட்டுப்பட்டேன் என்று கேட்டேன்.
"சத்தவன் மிண்டருது" என்றார்.

பச்சை மூங்கிலில் படுக்க வைத்துத் தூக்கினார்கள்.
நால்வரில் ஒருவன் வழி முழுக்க
என் எடையைப் பற்றித்தான் பேசினான்.
பனைகள் தலைகீழாக நடந்தன.
ஓலைகளுக்கிடையே ஒரு விமானம்
கோயம்புத்தூரை நோக்கிச் சிமிட்டிக்கொண்டு போனது.
அந்தக் காகிதத்தில் இந்தக் கோணம் இல்லை.

இறக்கி வைத்தார்கள். மேளம் நின்றது.
பகைவனின் பிணத்துக்கு அழுகிற உரிமை
இங்கே ஒரு வீட்டுக்கு உண்டாம்.
அந்த வீட்டுப் பெண் தேவயானி,
பகலில் ஜெராக்ஸ் கடையில் என்னிடம்
சில்லறை இல்லையென்று எரிந்து விழுந்தவள்,
என் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

தமிழில் அழுதாள்.
செத்தவன் பேச்சு அதுதானே.

பொழுது கெழக்கால வெளுக்கறக்கு முன்னே
போயிச் சேரோணுமே ஒன் சேதி,
தாப்பா போடாம ஒரு வாசல்
தனியா கெடக்குமே என் சாமி.

எங்கள் ஊரில்கூட இப்போது யாரும்
இப்படி இழுத்து உச்சரிப்பதில்லை.
அவள் யாரிடம் கற்றாளோ, பொருள் தெரியுமோ தெரியாதோ,
அந்த வாசல் எனக்குத் தெரிந்தது.
சுலோச்சனா தாழ் போடாமல் படுத்திருப்பாள்,
கடைசி பஸ்ஸில் வந்துவிடுவேன் என்று.
பிணம் பேசக்கூடாது.
கண்ணீரைப் பற்றி யாரும் விதி சொல்லவில்லை.
அது காதுக்குள் வழிந்து கூசியது,
அசையாமல் கிடந்தேன்.

கஞ்சி சூடாக இருந்தது. புழுக்கில் உப்பு கொஞ்சம் தூக்கல்.
ஆறு பிணங்களும் நானும் வரிசையாகக் குந்தி
இரண்டாம் தடவையும் வாங்கிக் குடித்தோம்.

கார்த்திகையில் ஒரு நாள், பம்பு விலை கேட்கத்தான்
என்று நினைத்துப் போனை எடுத்தேன்.
கண்டமுத்தன்.
"ஆறுச்சாமி துபாய் போயி.
நிங்களைப் போல அடங்கிக் கிடந்த பிணம்
இதுவரைக்கும் கிட்டியதில்லை."

வருகிறேன் என்றேன்.
தூக்குகிறவர்களிடம் மட்டும் சொல்லி வைக்கச் சொன்னேன்,
இரண்டு கிலோ கூடியிருக்கிறேன்.