கடைசி மூன்று எண்கள்

பகலெல்லாம் பிறர் வாய்க்குப் பல் செய்கிறேன்.
ப்ளோவ்திவ் நகரில், மாரிட்சா ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
மீன்கடைக்கு மேல்மாடி.
மெழுகு, பீங்கான், குரோமியம்,
முகம் தெரியாத தாடைகளின் அச்சு.
பல்லுக்கு மாட்டும் தொப்பிக்கும்
கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் திருகுக்கும்
எங்கள் மொழியில் ஒரே பெயர், கொரொன்கா.
பாலமும் அப்படியே.
இரண்டு பல்லுக்கு நடுவில் போடுவதும் பாலம்,
சக்கரங்களை அமுக்கிப் பிடிக்கும் தகடும் பாலம்.
ஆகவே இது வேறு வேலை இல்லை என்றேன் ராலிட்சாவிடம்.
மின்கட்டண ரசீதை என் மேசைமேல் வைத்துவிட்டு
கதவைச் சாத்தினாள்,
சத்தம் வராமல்.

முதலில் அதைப் பார்த்தது
பல் மருத்துவர் கிரோசேவின் மணிக்கட்டில்.
வெள்ளை எனாமல் முகம்,
ஆறுக்கு மேலே விநாடிக்கென்று தனிச் சின்ன வட்டம்.
ஒரு பாலத்துக்கு இருபது யூரோ குறைக்கச் சொல்லி
அவர் கையை ஆட்ட ஆட்ட
என் மூன்று வருடச் சம்பளம்
சட்டைக்கைக்குள் போய்ப் போய் வந்தது.
குறைத்துக் கொடுத்தேன்.

முழுசாக வாங்க வக்கில்லாதவன்
உதிரியாக வாங்கக் கூடாதா?

முகப்பு த்ரியெஸ்தேயிலிருந்து வந்தது,
ஏழுக்குப் பக்கத்தில் முடியளவு கீறலோடு.
முட்கள் ஒசாகாவிலிருந்து, தீயில் நீலம் பாய்ந்தவை,
மருந்துக் குப்பியில் பஞ்சு சுற்றி.
விநாடி முள் அதில் இல்லை.
அந்த ஒன்றுக்கே ஒரு குளிர்காலம் போயிற்று.
கூடு ப்ரேமனிலிருந்து.
இயந்திரம் கடைசியில், மொந்தெவிதேயோவிலிருந்து,
சுங்கத்தில் பத்தொன்பது நாள் கிடந்துவிட்டு.
அஞ்சலகத்து த்ஸொங்கா அம்மாள்
பொட்டலத்தைக் காதருகே ஆட்டிப் பார்ப்பாள்.
"இதுவும் வெறும் பெட்டியா?"
"உள்ளே இருக்கிறது."
"இருந்தால் சத்தம் வருமே."

கோர்த்த இரவில் மூச்சைப் பிடித்திருந்தேன்.
பல் சுரண்டும் ஊசி, மெழுகுக் கத்தி,
இரண்டும் இதற்கென்றே செய்தவை போல் நடந்துகொண்டன.
பிறகு ஒரு திருகு தெறித்தது.
எள்ளில் பாதி.
காந்தத்தோடு தரையில் தவழ்ந்தேன்.
ராலிட்சாவும் மண்டியிட்டாள், திட்டிக்கொண்டே.
அவள்தான் கண்டெடுத்தாள்,
என் கால்சட்டை மடிப்பில்.

துடித்தது.
நிஜமாகவே துடித்தது.
இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

மூடப் போகும்போதுதான் பார்த்தேன்.
பின்மூடியின் உட்புறம் மூன்று எண்கள்:
நாலு, ஏழு, ஒன்று.
லென்ஸை இறக்கினேன்.
இயந்திரத்தின் பாலத்தில் ஒரு நீண்ட எண்,
அதன் வாலில்
நாலு, ஏழு, ஒன்று.

ப்ரேமன் எங்கே, மொந்தெவிதேயோ எங்கே.
முழு ஆடாக விற்றால் ஒரு விலை,
தொடை வேறு ஈரல் வேறாக விற்றால் கூடுதல் விலை,
கசாப்புக்காரன் கணக்கு.
யாரோ அறுத்ததை
தபால் செலவும் வரியும் கொடுத்து
உயிரோடு திரும்ப வாங்கியிருக்கிறேன்.
முகப்பின் முதுகிலும் அதே எண் இருக்குமோ?
பார்க்க வேண்டுமானால் மறுபடி கழற்ற வேண்டும்.
கழற்றவில்லை.

ப்ரேமனுக்கு எழுதினேன்:
இந்தக் கூட்டின் இயந்திரம் என்னிடம் இருக்கிறது.
யார் கட்டியிருந்த கடிகாரம் இது?
யார் பிரித்தது?
மறுநாள் ஒரு வரி வந்தது.
அசல் பெட்டியும் இருக்கிறது, நாற்பது யூரோ, வேண்டுமா?

வாசித்துக் காட்டினேன்.
ராலிட்சா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.
மணி என்ன என்று கேட்டாள்.
இடது கையைத் தூக்கிச் சொன்னேன்.
அடுப்புக் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தாள்,
மூன்று நிமிடம் வித்தியாசம்,
எது சரி என்று கேட்கவில்லை.
தோலைக் கூட்டி வாளியில் தள்ளிவிட்டு
"நாற்பதுதானே" என்றாள்,
"வாங்கிப் போடு."