ஏழாம் நிரல்

பெயர், வயது, தெரு, தொழில்,
செத்த நாள், அடக்கிய நாள்.
ஏழாம் நிரல் ஒன்றரை விரல் அகலம்.
அதற்குள் அடங்க வேண்டும்
ஆள் ஏன் செத்தது என்பது.

என் பெயர் இஞ்ஞாசிமுத்து.
கோவிலில் மணியும் நான், கணக்கும் நான்.
கச்சான் வீசும் ஆனி ஆடியில்
தொட்டு எடுப்பதற்குள் பேனா முனை வறண்டுவிடும்.
செத்தவர் காத்திருப்பார்.

டொக்யார்டில் கரி சுமந்த மரியான், முப்பத்தொன்று:
மார்ச்சளி.
துப்பியது கறுப்பு என்று அவன் தம்பி சொன்னான்.
கறுப்புக்கு நிரலில் இடமில்லை.

சலவைக்காரச் சூசையின் மகள், பதினொரு மாதம்:
பல் முளைத்தது.
துரைமார் அனுப்பிய பட்டியலில்
அப்படியும் ஒரு நோய் உண்டு.
முகம் மூடுமுன் பார்த்தேன்.
கீழ் ஈறில் இரண்டு, அரிசிக் குறுணி போல.
அவை யாரையும் கொன்றிருக்கும் என்று
எனக்குத் தோன்றவில்லை.

கோட்டையில் அயர்லாந்துச் சிப்பாயின் மனைவி:
நெருப்புக் காய்ச்சல்.
அதே கிழமை
அவளுக்குத் தண்ணீர் சுமந்த றபேல்:
காய்ச்சல்.
டாக்குத்தர் வந்து பார்த்தால்தான்
காய்ச்சலுக்கு முன்னால் ஒரு சொல் சேரும்.
றபேலுக்கு நெருப்புக் கிடைக்கவில்லை.

பிறகு வாடை.
பெருந்தெருக் கிணறுகள் வாய்வரை நிரம்பி
கக்கூஸ் குழிகளோடு கைகோத்துக்கொண்ட இருபது நாளில்
முப்பத்தாறு பேர்.
முதல் நாள் வாந்திபேதி என்று முழுசாய் எழுதினேன்.
மூன்றாம் நாள் வா. பே.
அதற்குப் பிறகு ௸.
பக்கத்தின் அடிவரை ௸, ௸.
திருக்கடலூரில் ஒரு வீட்டில் தாயும் நாலு பிள்ளைகளும்
ஒரு சொல்லை ஐந்தாய்ப் பகிர்ந்துகொண்டார்கள்.
தகப்பன் கடலுக்குப் போயிருந்தான்.
வந்து, எழுதியதை வாசிக்கச் சொன்னான்.
மேற்படி, மேற்படி என்று எப்படி வாசிப்பது?
ஐந்து தடவையும் நோயின் பெயரைச் சொன்னேன்.

தையில் ஒரு கூலிப்பெண்.
அக்கரையிலிருந்து தோணியில் வந்து
சுங்கக் கொட்டிலின் நிழல்வரை நடந்திருக்கிறாள்.
பெயர் தெரியாது.
கழுத்தில் சிலுவை கிடந்ததால் எங்களிடம் வந்தாள்.
மடியில் வறுத்த புளியங்கொட்டை, பாதி கடித்தது.
எழுதினேன்: பசி.
இரண்டே எழுத்து.
அந்த நிரலில் அவ்வளவு வெறுமை
அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பதிவு பார்க்கக் கச்சேரியிலிருந்து வந்தவர்
அதில் விரலை வைத்தார்.
பசி நோயல்ல என்றார்.
பட்டியலைத் திருப்பிக் காட்டினார்:
பக்கவாதம் இருந்தது, பாண்டு இருந்தது, பிரசவம் இருந்தது.
கோபக்காரர் இல்லை.
ஈரக் குடையை வெளியே சாத்திவிட்டுத்தான் உள்ளே வந்தார்,
பக்கம் நனையக் கூடாதென்று.
பலவீனம் என்று மாற்றும் என்றார்.

மாற்றினேன்.
சம்பளம் எட்டு ரூபா, வீட்டில் ஆறு வாய்.
ஆனால் மைக்கூட்டில் முதலில்
தீர்த்தத் தொட்டித் தண்ணீர் மூன்று சொட்டு விட்டேன்.
பாவமா என்று சாமியாரிடம் இன்னும் கேட்கவில்லை.

இது பங்குனி.
குறுக்கே அடித்த கோடு தேயிலைச் சாயமாய் வெளுத்துவிட்டது.
பலவீனமும் வெளுக்கிறது.
அடியில் கிடக்கும் இரண்டு எழுத்து மட்டும்
எழுதிய அன்று போலவே.

மணியடிக்கக் கூப்பிடுகிறார்கள்.
மனையாவெளியிலிருந்து ஒரு பொடியன்,
மாட்டுவண்டியில், பாயில்.
போய் வயது கேட்க வேண்டும்.