இரண்டாம் சொல்

போஸ்னானில் பனி. போகுமிலா யோசிக்கிறாள்.
அவள் யோசித்தால் தூங்கிவிடும்
அந்தப் புளூடூத் விசைப்பலகை.

காலையில் கணினி கடவுச்சொல் கேட்டபோது
அதைக் காணவே காணோம்;
அலமாரியடியில் கிடந்த வால்முளைத்த பழசுதான்
கதவு திறந்தது.
மைக்ரோவேவில் சூப் சுழன்றால்
மவுஸ் நொண்டும்.
பக்கத்து வீட்டு ஹெட்போன்
'சேரலாமா?' என்று
கூச்சமின்றிக் கேட்கும்.

போலிஷ் மொழியில் 'இல்லை' முன்னால் வரும்,
வினை அதன் பின்னால்.
திரையைப் பாராமல் இரண்டு சொல் தட்டி
அனுப்பிவிட்டாள்.
விசைப்பலகை விழித்ததோ
இரண்டாவதற்கு.

'திரும்பி வருவேன்' என்று போயிருக்கிறது.

ராடோமிலிருந்து ஜெமோவித், உடனே:
'எந்த ரயில்?'

வெறும் விசையொன்றைத் தட்டி
முதலில் அதை எழுப்புகிறாள்.
எழுந்துவிட்டது.
பேட்டரி நான்கு சதவீதம்.
அவள் யோசிக்கிறாள்.
அது மறுபடி
கண்ணயர்கிறது.