மேற்படி

அம்பத்தூர் எஸ்டேட், மூன்றாவது மாடி, இரவு ஷிஃப்ட்.
பக்கத்துக்கு நாலு ரூபாய் இருபது காசு.
போன மாதம் ஆஸ்பத்திரி பில்கள்.
இந்த மாதம் கப்பல்கள்.

லிவர்பூலில் கிளம்பி, கினியாக் கரையில் நின்று,
ஜமைக்காவில் முடிகிற கப்பல்கள்.
இருநூற்றைம்பது வருஷத்து மசி
திரையில் பழுப்பாக விரிகிறது.
தலைவன் பெயர், பீரங்கி எத்தனை,
ஏற்றியது, இறக்கியது.

ஏற்றியது 312 என்று அடித்தேன்.
இறக்கியது 261.
கட்டம் சிவந்தது:
எண்கள் பொருந்தவில்லை, சரிபார்க்கவும்.
கிடங்குக் கணக்குக்காக எழுதிய மென்பொருள்,
அதற்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.
"அது அப்படித்தான் கத்தும். சரி-ய அமுக்கிட்டுப் போய்க்கிட்டே இரு"
என்றார் தெலஸ்போர் அண்ணன்.
ஐம்பத்தொரு பேருக்கு
ஒரு சரி.

தலைவனின் நாய்க்குப் பெயர் இருக்கிறது.
அதற்குக் கட்டம் இல்லை, அடிக்கவில்லை.

சாவுக்குத் தனி ஏடு.
முதல் வரியை முழுசாக எழுதியிருக்கிறான்:
ஒரு பெண், இறந்தாள், வயிற்றுக்கடுப்பு.
அதன் பிறகு கையை வருத்திக்கொள்ளவில்லை.
இரண்டு குட்டிக் கோடு. மேற்படி.
அடுத்த நாள், மேற்படி.
மேற்படி.
பக்கத்தின் அடிவரை எறும்பு ஊர்ந்த மாதிரி.

விதி ஏழு: குறிகளை விரித்து எழுதவும்.

ஒரு பெண், இறந்தாள், வயிற்றுக்கடுப்பு.
ஒரு பெண், இறந்தாள், வயிற்றுக்கடுப்பு.
நகலெடுத்து ஒட்டிவிடலாம். பக்கத்து சீட் ஹசீனா
அப்படித்தான் பதினோரு பேரை ஒரு நொடியில் முடித்தாள்.
நான் ஒவ்வொன்றாக அடித்தேன்.
பெருமைக்குச் சொல்லவில்லை,
அன்றைக்கு இலக்கு முடியாமல் எழுபது ரூபாய் போச்சு.
விரல் இங்கிலீஷில் அடிக்க
வாய் தமிழில் முணுமுணுத்துக்கொண்டு வந்தது,
நாலாவது பெண்ணில் தடுக்கியது:
ஒரு பெண், இருந்தாள்.
யாருக்கும் கேட்கவில்லை. ஏ.சி. சத்தம்.

விடியப்போகும் நேரத்தில் வந்தது விலைப் பக்கம்.
ஓர் ஆணுக்கு: துப்பாக்கி ஒன்று, சாராயம் இரண்டு பீப்பாய்,
மதராஸ் நீலத்துணி ஏழு துண்டு.

துணி வந்த ஊர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு
பட்டரவாக்கத்தில் ரயிலேறினேன்.

என் வீடு சிந்தாதிரிப்பேட்டையில்.
சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் வாயில் தேய்ந்து அப்படி ஆனதாம்.
கம்பெனிக்காரன் துணிக்காகவே
மனை கொடுத்து நெசவாளர்களைக் குடிவைத்த இடம்.
ஏழு துண்டில் ஒன்றாவது இந்தத் தெருவில் இறங்கியிருக்குமா,
எந்தக் கை, எந்தத் தறி,
கூலி ஒழுங்காக வந்ததா, தெரியாது.
மீன் மார்க்கெட்டில் வஞ்சிரத்தை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள்.
முள் அசைந்து அசைந்து நின்றது.
குளித்தேன். தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன்.

மறுநாள் இரவு அதே பக்கம்.
விதி பன்னிரண்டு: பழைய ஊர்ப்பெயர்களை
இன்றைய பெயராக மாற்றவும்.

சென்னை
என்று அடித்தேன்.
கட்டம் சிவக்கவில்லை.